லார்டு அக்ஸ்பிரிட்ஜின் காலும் சித்தப்பாவின் தீர்ப்பும்

லண்டன் வைட்ஹால் சாலையில் உள்ள ஹார்ஸ் கார்ட்ஸ் கட்டடத்தின் வாயிலில், குதிரைமேல் அசையாமல் அமர்ந்திருக்கும் காவலர் அருகே நின்று படம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது சித்தியின் நெடுநாள் ஆசை. குதிரைகள் உதைக்கலாம், கடிக்கலாம் என்று எச்சரிக்கும் பலகையைக் கண்டதும் அந்த ஆசை அடங்கிவிட்டது. அதே கட்டடத்திற்குள் ஹவுஸ்ஹோல்டு கேவல்ரி எனப்படும் அரச குதிரைப்படையின் சிறிய அருங்காட்சியகம் இருப்பதாக நான் சொன்னபோது, "அங்கே உயிருள்ள குதிரை இருக்காதல்லவா?" என்று உறுதி கேட்டுக்கொண்டுதான் சித்தி உள்ளே வந்தார்.

இருந்தது. அருங்காட்சியகத்தின் ஒரு பக்கச் சுவர் முழுவதும் கண்ணாடி. அதற்கு அப்பால், பதினெட்டாம் நூற்றாண்டிலிருந்து இன்றுவரை பயன்பாட்டில் உள்ள குதிரை லாயம். அங்கிருந்த கருங்குதிரை ஒன்று திரும்பிச் சித்தியை நிதானமாகப் பார்த்தது. 1982 ஜூலை 20 அன்று ஹைட் பார்க் குண்டுவெடிப்பில் பலத்த காயமுற்று, பிழைத்து, மீண்டும் பணிக்குத் திரும்பிய செஃப்டன் என்ற குதிரையைப் பற்றி நான் சொல்லத் தொடங்கியதும் சித்தியின் கண்கள் கலங்கின. ஆனால் ஆட்களைக் கடிக்கும் பழக்கத்தால் அதற்கு 'ஷார்க்கி' என்ற பட்டப்பெயர் இருந்ததையும் சேர்த்துச் சொன்னபோது, கண்ணாடியிலிருந்து மேலும் இரண்டடி தள்ளி நின்றுகொண்டார்.

கருவூலத் துறையில் பணியாற்றி ஓய்வுபெற்ற சித்தப்பாவோ, பார்வையாளர்கள் அணிந்து பார்ப்பதற்காக வைத்திருந்த தலைக்கவசங்களின் முன் நின்று, இவற்றுள் எது மூத்த படைப்பிரிவினுடையது என்று என்னிடம் விசாரித்தார். சிவப்பு மேலங்கியும் வெள்ளைக் குஞ்சமும் கொண்ட லைஃப் கார்ட்ஸ்தான் மூத்தது, நீல மேலங்கியும் சிவப்புக் குஞ்சமும் கொண்ட புளூஸ் அண்டு ராயல்ஸ் அதற்கு அடுத்தது என்று சொன்ன பிறகே, சீனியாரிட்டியை மீறாமல், வெள்ளைக் குஞ்சம் வைத்ததை எடுத்து அணிந்துகொண்டார்.

அன்றைய பொழுதின் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டது ஒரு பொய்க்கால். 1815 ஜூன் 18 அன்று வாட்டர்லூ போரில் பிரிட்டிஷ் குதிரைப்படைக்குத் தலைமை தாங்கிய லார்டு அக்ஸ்பிரிட்ஜின் வலது காலை ஒரு பீரங்கிக் குண்டு சிதைத்தபோது, அருகிலிருந்த படைத் தளபதி வெலிங்டனிடம் அவர், "ஐயோ, என் கால் போய்விட்டது!" என்றாராம், வெலிங்டன் பார்த்துவிட்டு, "ஆமாம், போய்த்தான்விட்டது" என்றாராம். மயக்க மருந்து இல்லாத அந்தக் காலத்தில் நடந்த அறுவையின்போதும், கத்தி கொஞ்சம் மழுங்கியிருக்கிறது என்று மட்டுமே அவர் குறைப்பட்டுக்கொண்டதாகச் சொல்வார்கள். வெட்டிய காலை, அறுவை நடந்த வீட்டின் சொந்தக்காரர் தம் தோட்டத்தில் புதைத்துக் கல்லும் நட்டுவிட, அதைப் பார்க்க வெளியூர்களிலிருந்தெல்லாம் மக்கள் வரத் தொடங்கிவிட்டார்கள்.

இதை ஆங்கிலேயரின் நெஞ்சழுத்தத்திற்குச் சான்றாக நான் விளக்கிக்கொண்டிருக்க, சித்தப்பா குறுக்கிட்டு, "இருவருக்கும் முன்பகை ஏதாவது உண்டா?" என்று கேட்டார். உண்டு. வெலிங்டனுடைய தம்பி ஹென்றியின் மனைவி 1809இல் ஓடிப்போனது இதே அக்ஸ்பிரிட்ஜுடன்தான்.

"அப்படிச் சொல்! தம்பி குடும்பத்தைக் கெடுத்தவன் காலைக் காட்டினால் வேறு என்ன பதில் சொல்வார்? ஆமாம் என்று சொன்னதே பெருந்தன்மை" என்று சித்தப்பா தீர்ப்பளித்தார். வரலாற்றாசிரியர்கள் ஏற்பார்களோ என்னவோ, எனக்கு மறுக்கத் தோன்றவில்லை. சித்தி மட்டும், "அவளைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லையே, பிறகு என்ன ஆனாள்?" என்றார். அவர் அக்ஸ்பிரிட்ஜையே மணந்துகொண்டு, பிள்ளைகளும் பெற்றார் என்று சொன்னபோதுதான் சித்திக்கு அந்தப் பொய்க்காலின்மீது சற்று மரியாதை வந்தது.

வெளியே வந்தபோது மாலை 4 மணி அணிவகுப்பு தொடங்கியிருந்தது. 1894இல் விக்டோரியா அரசி இங்கே வந்தபோது காவலர்கள் குடித்துக்கொண்டும் சூதாடிக்கொண்டும் இருந்தார்களாம். அதற்குத் தண்டனையாக, அடுத்த நூறு ஆண்டுகளுக்குத் தினமும் 4 மணிக்கு ஓர் அதிகாரி வந்து அவர்களைப் பார்வையிட வேண்டும் என்று உத்தரவிட்டார் என்பது இங்கே வழங்கும் கதை. கெடு 1994இலேயே முடிந்துவிட்டது; பார்வையிடுவது மட்டும் நிற்கவில்லை.

"ஆடிட் அப்ஜெக்‌ஷன் மாதிரிதான்; பணத்தைக் கட்டினாலும் கோப்பை மூட மாட்டார்கள்" என்று சித்தப்பா, தம் முப்பதாண்டுப் பணி அனுபவத்துடன், விறைப்பாக நின்ற அந்த இளங்காவலர்களைப் பரிவோடு பார்த்தார்.