மேல் வரிசையைத் தொட்டுப் பாருங்கள்

அலுவலகங்களுக்குள் செடிச்சுவர் அமைத்துப் பராமரிப்பது என் வேலை. சென்னை பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு நிறுவனத்தின் வரவேற்புக் கூடத்தில் பத்தடி உயரத்துக்கு ஒன்று வைத்தோம். மணி பிளாண்ட், சிங்கோனியம், ஸ்பைடர் பிளாண்ட், நடுநடுவே பெரணி. ஒவ்வொரு குட்டித் தொட்டியிலும் ஒரு கைப்பிடி தென்னை நார்க்கழிவுதான் இருக்கும். தரைச் செடி போல வேரை ஆழமாக விட்டு ஈரம் தேட இதற்கு வழியே இல்லை.

தண்ணீர் கீழே இறங்குவதால் மேல் வரிசை முதலில் காயும், கீழ் வரிசை முதலில் அழுகும். போர்வெல் உப்பு வேறு, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடும் டிரிப்பரின் துளையில் வெள்ளையாகப் படிந்து அடைத்துக்கொள்ளும். அதன் கீழே நாலு செடி மட்டும் வாடினால் எல்லோரும் நோய் என்பார்கள். டிரிப்பரைக் கழற்றிப் பார்த்தால் கடுகளவு உப்புக்கட்டி.

வெளிச்சம் அதைவிடச் சிக்கல். விளக்குகள் மேஜையில் படிக்கத்தான் பொருத்தப்பட்டிருக்கும். அந்தக் கூடத்தின் கீழ் மூலையில் வெளிச்சத்தை அளந்தபோது 180 லக்ஸ் (லக்ஸ் என்பது வெளிச்சத்தின் அளவு). செடி தளதளவென்று வளர 1,000 லக்ஸாவது வேண்டும் என்பது என் கணக்கு. தனி விளக்கு போட்டோம்.

அந்தப் பொங்கலுக்கு நாலு நாள் விடுமுறை. மின்சாரத்தை மிச்சப்படுத்த மெயினை அணைத்துவிட்டார்கள். செடிகளுக்குத் தண்ணீர் விடும் எங்கள் மோட்டாரும் டைமரும் அதே லைனில். திரும்பி வந்தபோது மேல் இரண்டு வரிசையும் பிடித்தால் நொறுங்கின. தனி லைன் கேட்காமல் விட்டது என் தவறு. இன்றும் மனசு ஆறவில்லை.

வாங்குகிறவர்கள், "காற்றைச் சுத்தப்படுத்துமா?" என்று கேட்பார்கள். செடிகள் காற்றைச் சுத்தப்படுத்தும் என்று சொன்ன, 1989-இல் வெளியான நாசா ஆய்வு மூடிய சிறு அறைகளுக்குள் நடந்தது. ஆள் நடமாடி, கதவு திறந்து மூடும் கூடத்துக்கு அது பொருந்தாது. இதைச் சொல்லி ஆர்டர் கைவிட்டுப் போனதும் உண்டு. போகட்டும். மதியம் சாப்பிட்டு வருகிறவர்கள் அந்தச் சுவர் முன்னால் ஒரு நிமிஷம் நின்றுவிட்டுப் போவதை நான் பார்த்திருக்கிறேன். எனக்கு அது போதும்.

அங்கே துப்புரவுப் பணி செய்யும் அக்கா ஒருவர் தினமும் ஸ்டூல் போட்டு ஏறி மேல் தொட்டிகளில் விரல் வைத்துப் பார்ப்பார். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. போன மாதம் அவரேதான் போன் செய்தார்: "தம்பி, இடது பக்கம் மூணாவது தொட்டி காஞ்சிருக்கு. சொம்புல கொஞ்சம் ஊத்திட்டேன், நீங்க வந்து பாருங்க."