தாமஸ் மாங்காவும் எங்க சித்தப்பாவும்

நேத்து ராத்திரி கரண்ட் போயி, போன்ல சார்ஜ் 11 பர்சன்ட், அதுலயும் விடாம தி ஹார்ட் ஆஃப் தாமஸ் வாசிச்சு முடிச்சேன். மோட்டோ ஹாகியோ வரஞ்ச மாங்கா (ஜப்பான் காமிக்ஸ்), 1974ல மே தொடங்கி டிசம்பர் வரை ஜப்பான்ல பொண்ணுங்க வாசிக்கிற ஒரு வாரப் பத்திரிகைல வந்தது. முதல் ஓட்டெடுப்புல கடைசி இடமாம், எடிட்டரு நிறுத்திடலாம்னு பாத்துருக்காரு, அவங்கதான் மல்லுக்கட்டி தொடர்ந்துருக்காங்க. இப்ப பிஎல்னு (பாய்ஸ் லவ், பையனுக்கும் பையனுக்கும் வர்ற காதல் கதை) சொல்லிட்டு வருத எல்லாத்துக்கும் இது பாட்டி மாதிரி. கதைய சொல்லிருவேன், வேண்டாதவங்க இங்கயே நிறுத்திக்கோங்க.

ஜெர்மனில ஒரு பாய்ஸ் ஹாஸ்டல் ஸ்கூலு. தாமஸ்னு ஒரு பையன் (எங்க ஊர்ல தெருவுக்கு மூணு தாமஸ் உண்டு) முதல் பக்கங்கள்லயே செத்துப் போறான், அவன் நேசிச்ச யூலிங்கிற ஸ்கூல் பையனுக்கு ஒரு லெட்டர் மட்டும் வந்து சேருது. யூலி அத தாமஸோட கல்லறைல வச்சே கிழிச்சுப் போடுறான், திரும்பிப் பாத்தா தாமஸ் முகத்தோட எரிக்னு புதுசா ஒருத்தன் நிக்கான். எனக்கு அங்க மேலெல்லாம் புல்லரிச்சுப் போச்சு.

யூலி கல்லு மனசுக்காரன்னுதான் முதல்ல நினைச்சேன். நல்லா படிப்பான், ஒழுங்கா இருப்பான், ஆனா யாரையும் கிட்ட விடமாட்டான். போகப்போகத்தான் தெரியுது, ஒரு சீனியர் பையன் அவன அடிச்சு, நெஞ்சுல சிகரெட்டால சுட்டு, இன்னும் என்னெல்லாமோ செஞ்சுருக்கான், அந்தத் தழும்ப சட்டைக்குள்ள மறைச்சு வச்சுகிட்டு, தனக்கு சிறகு போயிட்டு, தாமஸோட அன்புக்கு தான் லாயக்கில்லன்னு நடமாடிட்டு இருக்கான். தப்பு செஞ்சவன் எவனோ, குறுகிப் போறவன் இவன்.

இத வாசிக்கும்போ எங்க சித்தப்பா ஓர்மைதான் வந்துது. 2017 நவம்பர்ல தங்கு கடலுக்கு (நாள்கணக்குல கடல்லயே தங்கி மீன்பிடிக்க) போக வேண்டியவரு, காய்ச்சல்னு கரையில நின்னுட்டாரு, அவருக்குப் பதிலா போனது அவருக்க கூட்டுக்காரரு. 30ஆம் தேதி ஒக்கி புயல் அடிச்சுது. போன படகு திரும்பி வரல, உடம்பும் கிடைக்கல. அதுக்குப் பொறவு சித்தப்பா பூசைக்குப் போனாலும் கோயிலுக்குள்ள வரமாட்டாரு, வெளிய இருக்க குருசடிகிட்டதான் (சிலுவை வச்ச சின்ன மேடை) நிப்பாரு. சாமியாரு, சித்தி, எல்லாரும் "உங்க மேல என்ன தப்பு"ன்னு சொல்லியாச்சு, ஒண்ணும் ஏறல. ஒருநாள் தூண்டி முள்ளு கட்டிட்டு இருந்தவரு தலைய நிமித்தாமலே சொன்னாரு, "குளிரும்னு எனக்க கம்பிளிய நாந்தாம் மக்கா குடுத்து விட்டேன்." நான் ஒண்ணும் சொல்லல, சொல்லத் தெரியல. அன்னைக்கு ராத்திரி அவரு ரெண்டு தட்டு கஞ்சி குடிச்சாருன்னு சித்தி அதிசயமா சொன்னா.

அதனாலதான் எனக்கு இந்த மாங்கால தாமஸ விட எரிக்க பிடிச்சுது. தாமஸ் செத்தது யூலிய மீட்கதான்ங்கிற மாதிரி கதை ஒரு பக்கம் இழுக்குது, அது எனக்கு ஒத்துவரல. இயேசு கதைய எடுத்து ஒரு சின்னப் பையன் தலைல வச்ச மாதிரி இருக்கு, அந்தப் பையனுக்கும் ஒரு அம்மா இருப்பாள்ல. யூலிக்க பாரம் இறங்குனது, எரிக்கிட்ட வாயத் தொறந்து நடந்தத முழுசா சொன்னப்பதான். எரிக் ஒண்ணும் பெரிய ஞானி கிடையாது, கோவக்காரன், அம்மாப் பிள்ளை, அந்த அம்மாவும் நடுவுல செத்துப் போறா. ஆனா கேட்டுட்டு விலகிப் போகாம நிக்கான்.

யூலிக்க கூட்டுக்காரன் ஆஸ்காரப் பத்தி தனியா எழுதணும், இப்ப எழுதுனா அழுதுருவேன்.

கடைசில யூலி குருமடத்துல (சாமியாராகப் படிக்கிற இடம்) சேர பான் நகரத்துக்குப் போறான். எல்லாரும் அத சோகமான முடிவுங்கானுவ. எங்க ஊர்ல குருமடத்துக்குப் போன பையன்மாருல திரும்பி வந்து கல்யாணம் காட்சின்னு இருக்கவனுவ எத்தன பேரு! யூலியும் ரெண்டு வருசத்துல பெட்டியத் தூக்கிட்டு வந்துருவான்னுதான் நான் நினைச்சு வச்சுருக்கேன்.