கிரீஸ் வைத்துக் கெடுத்த கதை

மூன்று வாரமாக உயிரை வாங்கிய என் கேரவன் சத்தம் போன ஞாயிற்றுக்கிழமை அடங்கியது. அதாவது, இரண்டில் ஒன்று அடங்கியது. மற்றதற்குக் கடைசியில் வருகிறேன்.

கேரவனை எப்படிக் கட்டினேன், பதிவுக்கு எத்தனை நாள் அலைந்தேன் என்பதெல்லாம் இங்கே வேண்டாம். ஸ்கார்ப்பியோவுக்குப் பின்னால் இழுத்துப் போகிற வீடாக ஒரு சின்னக் கேரவன், ஓவர்ரன் பிரேக் (கார் வேகம் குறைந்தால் கேரவன் முன்னால் தள்ளும், அந்தத் தள்ளலிலேயே பிடிக்கும்), முன்னால் கேரவனைக் காரோடு கோக்கும் ஆல்-கோ ஏகேஎஸ் 3004 ஸ்டெபிலைசர் ஹிட்ச். ஹிட்சும் அதற்கேற்ற கழுத்து நீண்ட டோ பாலும் (காரின் பின்னால் மாட்டும் இரும்பு உருண்டை) மச்சான் துபாயிலிருந்து பழைய லுங்கியில் சுற்றி எடுத்து வந்தவை. சாதாரண குட்டைக் கழுத்துப் பால் இந்த ஹிட்சுக்கு ஆகாது, இடிக்கும்.

தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவில் ஸ்கார்ப்பியோ நிற்பதே பெரிய விஷயம். கேரவன் மாதவரத்தில் மாமாவின் குடோனில் கிடக்கிறது, வேலை இருந்தால் மட்டும் வீட்டுக்கு இழுத்து வருவேன். தெருமுனையில் மெதுவாகத் திரும்பும்போது "கிர்ர்ரீஈச்" என்று ஒரு சத்தம். நேர்ச்சாலையில் ஒன்றும் கேட்காது, திரும்பினால் கேட்கும், வேகத்தடை ஏறினால் இன்னும் அதிகமாகக் கேட்கும். முனையில் கேரம் ஆடும் பையன் ஒருவன், "இன்னாண்ணா, உன் வூடு இப்டி அயுவுது?" என்றான். மொத்தக் கூட்டமும் சிரித்தது.

பக்கத்து லேத் பட்டறை மேஸ்திரி வந்து பார்த்தார். "இரும்போட இரும்பு ஒரசினா கத்தத்தான் செய்யும். ஒரு கை கிரீஸ் வைப்பா." சாதாரண ஹிட்ச் என்றால் அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. ஆனால் இது ஸ்டெபிலைசர். உள்ளே நாலு உராய்வுப் பட்டைகள் பாலை முன்னும் பின்னும் இடமும் வலமும் பிடித்துக்கொண்டிருக்கும், அந்தப் பிடிதான் கேரவனை வாலாட்டாமல் வைத்திருக்கிறது. பால் எலும்பு மாதிரிக் காய்ந்திருக்க வேண்டும். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் கிரீஸ் வைத்தேன். பையன்கள் சிரித்த கோபம்.

சத்தம் சுத்தமாக நின்றுவிட்டது. அந்தச் சனிக்கிழமையே பழவேற்காட்டுக்குக் கிளம்பினேன். மீஞ்சூர் தாண்டியதும் ஒரு கன்டெய்னர் லாரி உரசாத குறையாக முந்தியது. அது தள்ளிய காற்றில் கேரவன் இடமும் வலமுமாக ஆட ஆரம்பித்தது, ஸ்கார்ப்பியோவின் பின்பக்கமும் அதோடு சேர்ந்து ஆடியது. பிரேக்கை மிதிக்காமல், ஸ்டீயரிங்கைத் திருப்பாமல், ஆக்சிலேட்டரை மட்டும் விட்டேன். ஐந்தாறு ஆட்டத்தில் அடங்கியது. பொன்னேரியில் ஒரு டீயைக் குடித்துவிட்டு முப்பது கிலோமீட்டர் வேகத்தில் திரும்பி வந்தேன். பிரேக் டிரம்முக்குள் எண்ணெய் ஊற்றிவிட்டு வண்டி ஓட்டியவனை என்ன சொல்லித் திட்டுவீர்களோ, அதையெல்லாம் என்னையே சொல்லித் திட்டிக்கொண்டேன்.

அப்புறம் துடைக்கும் படலம். முதலில் மண்ணெண்ணெய். அதுவும் தப்பு. கிரீஸ் போகும், ஆனால் மெல்லிய எண்ணெய்ப் படலம் ஒட்டிக்கொள்ளும். டீசலும் அப்படித்தான். பிரேக் கிளீனர் ஸ்ப்ரேயும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும்தான் இதற்குச் சரி. ஆல்கஹாலுக்குப் பாரிமுனையில் நைனியப்ப நாயக்கன் தெருவுக்குப் போங்கள், கெமிக்கல் கடைகள் வரிசையாக இருக்கின்றன. அப்படியே செம்புதாஸ் தெருவிலும் ஒரு நடை நடந்தேன். எமரி ஷீட் (உப்புத்தாள்) வாங்கப் போனவன், தேவையே இல்லாத ஒரு பேரிங் புல்லரோடு திரும்பினேன். வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

வெள்ளை பனியன் துணியில் ஆல்கஹாலை நனைத்துப் பாலைத் துடைக்க வேண்டும். துணி கறுத்தால் இன்னொரு துண்டு. பதினோராவது துண்டுதான் வெள்ளையாகவே வந்தது. வெர்னியர் வைத்துப் பாலின் விட்டத்தைப் பார்த்தேன், 49.8 மில்லிமீட்டர். புதுசு 50, 49-க்குக் கீழே போனால் பாலையே மாற்ற வேண்டும். அந்தக் கவலை இல்லை.

இனி பட்டைகள். இதில்தான் பாதி வாழ்க்கை போனது. முன், பின் பட்டைகளின் முகம் கேரம் ஸ்ட்ரைக்கர் மாதிரிப் பளபளத்தது. அந்தப் பளபளப்புதான் கத்தும். 120 நம்பர் எமரியை விரலில் சுற்றிக்கொண்டு, பட்டையின் குழிவு கெடாமல், மேலாக மட்டும் தேய்க்க வேண்டும். அழுத்தினால் குழிவு போய்விடும், குழிவு போனால் பால் முழுசாக உட்காராது. சொரசொரப்பு வந்ததும் நிறுத்திவிட வேண்டும். பக்கவாட்டுப் பட்டைகளையும் அப்படியே தேய்த்து மொட்டைமாடி வெயிலில் வைத்தேன். சாயங்காலம் போய்ப் பார்த்தால் வியர்த்திருக்கின்றன! உள்ளே குடித்த கிரீஸை வெயில் கக்க வைக்கிறது. துடைத்துவிட்டு மறுநாளும் வைத்தேன், மறுபடியும் வியர்வை. மூன்றாம் நாள் விட்டுவிட்டேன். எண்ணெய் குடித்த பட்டையைக் காப்பாற்ற முடியாது. புதுசு ஒரு ஜோடி ஆர்டர் போட்டேன், வந்து சேரப் பன்னிரண்டு நாள். அந்தப் பன்னிரண்டு நாளில் கேரம் கூட்டத்திலிருந்து ஒரு யோசனை வந்தது: "போர்டு பவுடர் போடுண்ணா, வழவழன்னு போவும்." தம்பி, வழவழன்னு போகக் கூடாது என்பதுதானே பிரச்சினை!

புதுப் பட்டைகளை மாட்டி, ஹிட்சின் கைப்பிடியை அமுக்கி, முனையில் திரும்பினேன். சத்தம் இல்லை. வேகத்தடை ஏறினேன். கிர்ர்ரீஈச்.

அன்றிரவு தூக்கம் வரவில்லை. வேகத்தடையில் மட்டும் ஏன்? திரும்பும்போது ஹிட்ச் பாலின் நடுவயிற்றைச் சுற்றி நகர்கிறது. வேகத்தடையில் அது முன்னும் பின்னும் சாய்கிறது. அப்போது பட்டை நடுவயிற்றை விட்டுக் கீழே, கழுத்துப் பக்கமாக இறங்குகிறது. காலையில் முதல் வேலையாக டார்ச்சும் ஷேவிங் கண்ணாடியும் எடுத்துக்கொண்டு பம்பருக்கு அடியில் படுத்தேன். பாலின் கீழ்ப்பாதியில், கழுத்தைச் சுற்றி ஒரு விரல் அகலத்துக்குக் கம்பெனி கறுப்புப் பெயின்ட் அப்படியே இருந்தது. முதலில் மாட்டும்போது மேலே தெரிந்ததை மட்டும் சுரண்டியிருக்கிறேன். குனிந்து பார்க்கவில்லை. பின்பட்டையைக் கழற்றினால் அதன் கீழோரத்தில் தார் பூசியது போல அதே பெயின்ட். கிரீஸ் வைப்பதற்கு முன்பே இருந்த வியாதி இதுதான் போலிருக்கிறது.

எமரியை நாடாவாகக் கிழித்து, ஷூ பாலிஷ் போடுகிற மாதிரி கழுத்தைச் சுற்றி இழுத்தேன். 120, பிறகு 240. வெறும் இரும்பு தெரியும்வரை ஒரு மணி நேரம். பின்பட்டையை இன்னொரு தடவை தேய்த்து, ஆல்கஹாலில் துடைத்து மாட்டினேன். மாதவரத்திலிருந்து வீடு வரைக்கும் ஒரு முனகல்கூட இல்லை.

வெறும் இரும்பு என்றால் நம்ம ஊர்க் கடற்காற்றுக்கு விருந்து. இரண்டே நாளில் செந்தூள் படர்ந்துவிடும், எண்ணெயும் தடவ முடியாது. பழைய டென்னிஸ் பந்தைக் கீறி மூடியாகப் போட்டிருக்கிறேன். முதல் பந்தைத் தெருநாய் கொண்டுபோய்விட்டது, இது இரண்டாவது.

இப்போது மிச்சமிருக்கிற சத்தம்: பிரேக் பிடித்தால் "டொக்" என்று ஓர் இடி. இது ஓவர்ரன் குழாயில், அதாவது ஹிட்சுக்குப் பின்னால் பிரேக் பிடிக்கும்போது உள்ளே போய் வருகிற குழாயில். அங்கே கிரீஸ் வைக்கலாம், வைக்கவும் வேண்டும், அதற்கென்றே நிப்பிள் (கிரீஸ் ஏற்றும் முனை) இருக்கிறது. பம்ப் செய்து பார்த்தேன், இடி குறைந்தது, போகவில்லை. ஹேண்ட் பிரேக்கைப் போட்டுவிட்டு, நானும் மேஸ்திரியுமாகக் கேரவனைப் பின்னுக்குத் தள்ளிக் குழாயை உள்ளே அழுத்தினோம். விட்டால் மெதுவாக வெளியே வர வேண்டும். வந்த வேகத்தில் மேஸ்திரியின் முழங்காலில் இடித்தது. குழாயின் வேகத்தை அடக்கும் டாம்பர் போய்விட்டது. குழாயை மூடியிருக்கும் ரப்பர் பெல்லோஸும் வெடித்திருக்கிறது. மச்சான் தீபாவளிக்கு வருகிறார், லுங்கி ஒன்று கூடுதலாக எடுத்து வரச் சொல்லியிருக்கிறேன்.