பிக்கப்பின் பின்பக்கக் கீச்சுச் சத்தம் எங்கிருந்து வந்தது?

காலி வண்டியாக ஓடும்போதுதான் கத்தும். லோடு ஏற்றினால் பாதி அடங்கிவிடும். மழை பெய்த அன்று சத்தமே இருக்காது, வெயில் காய்ந்ததும் வேகத்தடைக்கு வேகத்தடை மறுபடி கீச், கீச். ஸ்பேனரைத் தொடுவதற்கு முன்னால் இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டேன். கடைசியில் வழி காட்டியது அந்தத் தாள்தான்.

வண்டி முன்பு மச்சானிடம் இருந்தது. காசிமேட்டிலிருந்து மீன் ஏற்றுவார். பெட்டியில் உருகும் ஐஸ் தண்ணீர் பாடியின் இடுக்கு வழியாகச் சொட்டிச் சொட்டி நேராக லீஃப் ஸ்பிரிங் மேல்தான் விழுந்திருக்கிறது, அதாவது பின்பக்க எடையைத் தாங்கும் இரும்புப் பட்டை அடுக்கின் மேல். போதாததற்குக் கடல் காற்று வேறு. திருவொற்றியூரில் தெருவில் நிற்கும் எந்த வண்டிக்கும் அடிப்பக்கம் சீக்கிரம் துரு ஏறிவிடும். குனிந்து பார்த்தால் பட்டைகளுக்கு நடுவே துரு செதில் செதிலாகக் கிளம்பியிருந்தது.

பார்த்தவர்கள் எல்லோரும் 'ஷாக் அப்சார்பர் போயிருக்கும், மாத்திடு' என்றார்கள். காசைக் கொடுப்பதற்கு முன் அதைச் சோதிக்க எளிய வழி இருக்கிறது. வண்டி நான்கு சக்கரத்திலும் சமதளத்தில் நிற்கட்டும். இரண்டு ஷாக்கின் கீழ் போல்ட்டையும் கழற்றி ஒதுக்கிவிட்டு, பின்பக்கத்தை அழுத்தி ஆட்டினேன். சத்தம் அப்படியே வந்தது. ஷாக் மேல் குற்றம் இல்லை.

அடுத்ததுதான் இந்த வேலையிலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி. சத்தத்தைக் காதால் மட்டும் தேடினால் ஏமாந்துபோவோம். வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸ் முழுக்க இரும்பு, ஒரு மூலையில் பிறக்கும் சத்தம் இன்னொரு மூலையில் கேட்கும். அதனால் ஒரு பாட்டில் தண்ணீரை எடுத்துக்கொண்டு ஒரு நேரத்தில் ஒரே ஒரு இடத்தை மட்டும் நனைத்தேன். பக்கத்து வீட்டுப் பையன் டெயில் போர்டு மேல் ஏறி நின்று குதித்தான். முதலில் ஸ்பிரிங்கின் முன்நுனி வளையத்துக்குள் (அதைக் 'கண்' என்பார்கள்) இருக்கும் புஷ், அதாவது குழாய் வடிவ ரப்பர். மாற்றம் இல்லை. அப்புறம் இடது பக்கப் பட்டைகளின் நுனி. ஊற்றிய அடுத்த நொடி பெரிய சத்தம் நின்றது. "அண்ணே, நின்னுடுச்சு!" என்று மேலிருந்து கத்தினான். ஆனால் மெலிதாக ஒரு 'கிறீச்' மட்டும் மிச்சம் இருந்தது. ஸ்பிரிங்கின் பின்நுனியைச் சேஸிஸோடு இணைக்கும் சாக்கிளின் வலது பக்கத் தகட்டில் விரலை வைத்தபோது, அந்தச் சத்தம் வரும்போதெல்லாம் விரலில் அதிர்வு தெரிந்தது. ஆக, சத்தம் ஒன்றல்ல, இரண்டு.

லீஃப் ஸ்பிரிங் வளையும்போது ஒவ்வொரு பட்டையும் அடுத்த பட்டை மேல் நழுவியாக வேண்டும். அதிகம் உரசுவது நுனியில்தான். அங்கே வைத்திருக்கும் பிளாஸ்டிக் பேடு தேய்ந்துபோனால் இரும்பு இரும்போடு உரசும். துருவும் சேர்ந்தால் பட்டை வழுக்காமல் ஒட்டி ஒட்டி விடுபடும், அந்த விடுபடலில்தான் கீச்சுச் சத்தம் பிறக்கிறது. தண்ணீர் பட்டால் கொஞ்ச நேரம் வழுக்குகிறது. மழை நாளில் வண்டி வாயை மூடிக்கொண்டதற்குக் காரணம் இதுதான்.

ஸ்பிரிங் பட்டறையில் முழு செட்டையும் கழற்றி அடுக்கித் தருகிறேன் என்றார்கள். நியாயமான யோசனைதான். ஆனால் அப்படிக் கழற்றினால் ஸ்பிரிங்கை ஆக்சிலோடு (சக்கர அச்சோடு) கட்டிப் பிடிக்கும் யு போல்ட்டும் புதிதாகப் போட வேண்டும், ஒரு முறை இழுத்து முறுக்கிய போல்ட்டை மறுபடி நம்பக் கூடாது. என் வண்டியில் பட்டை எதுவும் உடையவில்லை, பட்டைகளை நடுவில் கோத்துப் பிடிக்கும் சென்டர் போல்ட்டும் சரியாக இருந்தது. நுனியை மட்டும் பார்த்தால் போதும் என்று முடிவு செய்தேன்.

முன்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, சேஸிஸைத் தூக்கி இரண்டு பக்கமும் ஸ்டாண்டு கொடுத்தேன். வெறும் ஜாக்கியை நம்பி அடியில் படுக்கவே கூடாது. ஆக்சில் கீழே தொங்கியதும் பட்டைகளின் நுனி தானாகக் கொஞ்சம் விலகியது. பட்டைகளைச் சேர்த்துப் பிடிக்கும் கிளிப்பை அவிழ்த்து, கடப்பாரையால் மெதுவாக நெம்பி, கம்பி பிரஷும் எமரி தாளும் கொண்டு துருவைச் சுரண்டினேன். உள்ளே இருந்த பழைய பேடு காகிதம்போல் மெலிந்து கிழிந்திருந்தது. ஜி.பி. ரோட்டில் வாங்கிய புதுப் பேடுகளை இரண்டு பக்கமும் பொருத்தினேன்.

பட்டைகளுக்கு நடுவே கிரீஸ் அடிக்கச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் சம்மதம் இல்லை. எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிகள் கிளப்பும் தூசி போய் கிரீஸில் ஒட்டினால் உப்புத்தாள் தேய்ப்பதையே அது செய்யும். காய்ந்த பிறகு கருப்புப் படலமாக நிற்கும் கிராஃபைட் ஸ்ப்ரே மட்டும் லேசாக அடித்தேன்.

சாக்கிள் வேலைதான் உயிரை வாங்கியது. போல்ட் துருவில் புஷ்ஷின் உள்குழாயோடு ஒட்டிக்கொண்டிருந்தது. துரு இளக்கும் எண்ணெய் அடித்து ஒரு இரவு ஊறவிட்ட பிறகுதான் அசைந்தது. ரப்பரை நெருப்பு வைத்து எரித்து எடுப்பது பலருடைய பழக்கம். அந்தப் புகை நல்லதல்ல, வீட்டு வாசலில் செய்யக்கூடிய காரியமும் இல்லை. நீளமான திரெட் ராடு, ஒரு பைப் துண்டு, வாஷர், நட்டு இவ்வளவை வைத்து முறுக்கி முறுக்கியே பழைய புஷ்ஷை வெளியே இழுத்தேன். ஒரு பக்கம் ரப்பர் கிழிந்து, உள்குழாய் வெளிக்குழாயைத் தொட்டுத் தேய்ந்த தடம் பளபளவென்று தெரிந்தது. புதுப் புஷ்ஷைச் சோப்புத் தண்ணீர் தடவி உள்ளே இழுத்தேன். சாதாரண எண்ணெய் தடவினால் இயற்கை ரப்பர் ஊதிக் கெட்டுவிடும்.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. சாக்கிள் போல்ட்டை வண்டி தொங்கும் நிலையில் இறுக்கக் கூடாது. இந்த வகை புஷ்ஷில் ரப்பர் சுழல்வதில்லை, முறுக்கிக்கொண்டுதான் அசைவைத் தாங்குகிறது. தொங்கும்போது இறுக்கினால், வண்டி தரையில் நிற்கும் நேரமெல்லாம் அது முறுக்கிய நிலையிலேயே இருந்து சீக்கிரம் கிழியும். அதனால் கையால் மட்டும் மாட்டிவிட்டு, சக்கரம் தரையில் பட்டு முழு எடையும் இறங்கிய பிறகு, வண்டியோடு வந்த புத்தகத்தில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சால் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) இறுக்கினேன்.

தண்டையார்பேட்டை வரை காலியாக ஓட்டிப் பார்த்தேன். வேகத்தடைகளில் கீச்சுச் சத்தம் இல்லை. கொஞ்சம் லோடு ஓடிய பிறகு போல்ட்டுகளை மறுபடி சரிபார்க்க வேண்டும். மணலி பக்கம் தண்டவாளம் தாண்டும்போது மட்டும் பாடிக்குக் கீழே ஒரு 'டொக்' கேட்கிறது. பாடிக்கும் சேஸிஸுக்கும் நடுவே இருக்கும் ரப்பர் பேடுகளாக இருக்கலாம், அடுத்த ஞாயிறு அவற்றைப் பார்க்கப் போகிறேன்.