எடை போட்ட பருப்பு

3 மார்ச் 2025, திங்கள்

சமையலறைத் தராசு வந்துவிட்டது. ஏழு மாதமாக ஜிம்முக்குப் போகிறேன். டெட்லிஃப்ட் (தரையிலிருந்து பாரக் கம்பியைத் தூக்கும் பயிற்சி) 50 கிலோவிலேயே நிற்கிறது. "தினமும் சாம்பார் சாப்பிடுகிறேன், புரதத்துக்கு என்ன குறை?" என்று பயிற்சியாளரிடம் கேட்டிருந்தேன். "எத்தனை கிராம்?" என்று திருப்பிக் கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

அம்மா சாம்பாருக்கு எடுத்து வைத்த துவரம்பருப்பைத் தட்டில் கொட்டினேன். 120 கிராம். ஐந்து பேர், இரண்டு வேளை. ஒரு வேளைக்கு என் பங்கு 12 கிராம். நூறு கிராம் துவரம்பருப்பில் புரதம் ஏறத்தாழ 22 கிராம் என்றால், நான் ஊற்றிக்கொள்ளும் சாம்பாரில் இரண்டரை கிராமுக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். ஒரு முட்டையில் ஆறு கிராம் இருக்கிறது.

"என்ன கண்ணு, பருப்பைத் தங்கம் மாதிரி நிறுக்கிறாய்?" என்றார் அம்மா. கணக்கைச் சொன்னேன். தராசையே பார்த்துக்கொண்டிருந்தார். "பருப்புப் போட்டு வளர்த்தேன் என்றல்லவா நினைத்திருந்தேன்" என்றார். ஏன் சொன்னோம் என்று ஆகிவிட்டது.

5 மார்ச், புதன்

ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் கணக்குப்படி, சாதாரணமாக ஒருவருக்கு ஒரு நாளைக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும். (1918-இல் நம் குன்னூரில் தொடங்கிய ஆய்வகம்தான் இன்று இந்த நிறுவனம்.) பாரம் தூக்குகிறவர்களுக்கு இது போதாது. 60 கிலோ எடையுள்ள நான் 90 கிராம் என்று வைத்துக்கொண்டேன். கொழுப்பு 55 கிராம். மிச்சம் மாவுச்சத்து, 235 கிராம் அளவில். கொழுப்புக்குக் கிராமுக்கு 9 கலோரி, மற்ற இரண்டுக்கும் 4. மொத்தம் 1,800 கலோரிக்குள் அடங்குகிறது.

8 மார்ச், சனி

கைநிறைய வறுத்த வேர்க்கடலை தின்றுவிட்டுப் புரதம் சேர்ந்தது என்று இத்தனை நாள் நம்பியிருந்தேன். நூறு கிராமில் புரதம் 25 கிராம் இருப்பது உண்மைதான். கொழுப்போ அதைப்போல இரண்டு மடங்கு. நல்ல கொழுப்புதான், ஆனால் அதைக் கொழுப்புக் கணக்கில்தான் எழுத வேண்டும். மாலை நேரத்துக்குப் பொட்டுக்கடலைக்கு மாறிவிட்டேன். புரதம் ஏறக்குறைய அதே அளவு, கொழுப்பு மிகவும் குறைவு.

14 மார்ச், வெள்ளி

ஒரு வாரம் சோற்றை அடியோடு நிறுத்தினேன். தவறு. இன்று ஸ்குவாட்டில் (பாரக் கம்பியைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழும் பயிற்சி) வழக்கமான எடையிலேயே நான்காவது முறை தொடை நடுங்கி, கம்பியைப் பாதியில் தாங்கியில் விட்டேன். தசையில் சேமிப்பாக இருக்கும் கிளைக்கோஜன் மாவுச்சத்திலிருந்துதான் வருகிறது; அது தீர்ந்த பிறகு புரதத்தைக் கொட்டினாலும் பாரம் ஏறாது. நாளை முதல் பயிற்சிக்கு முன் இரண்டு இட்லி. சோறு மதியம் மட்டும், 150 கிராம். இட்லியின் மீது எனக்குத் தனி மரியாதையே வந்துவிட்டது. புரதத்தை ஆக்கும் அமினோ அமிலங்களில், அரிசியில் குறைவாக இருக்கும் லைசினை உளுந்து கொடுக்கிறது, உளுந்தில் குறைவாக இருக்கும் மெத்தியோனினை அரிசி கொடுக்கிறது. ஆட்டுக்கல் காலத்திலேயே யாரோ சரியாகச் சேர்த்துவைத்திருக்கிறார்கள்.

23 மார்ச், ஞாயிறு

மூன்று முட்டை, தயிர், சுண்டல், இன்று மத்தி மீன் குழம்பு. 88 கிராம் வந்தது. வியாழக்கிழமை 55 கிலோ தூக்கினேன்.

30 மார்ச், ஞாயிறு

இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும். எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு அம்மா தட்டைப் போட்டார். பாத்திரத்தில் தெளிவும் இரண்டு முருங்கைத் துண்டும்தான் மிச்சம். தட்டைத் தராசில் வைக்கச் சொன்னேன். சோறு 310 கிராம். பருப்பு என்று நிறுக்க ஒன்றுமில்லை. காலையிலிருந்து சாப்பிட்டதையெல்லாம் கேட்டுக் கூட்டினேன். 55 கிலோ எடைக்கு 46 கிராம் புரதமாவது வேண்டும். அம்மாவுக்கு 30 கூட வரவில்லை. வயது 63. தசை தேய்கிற வயது.

"எனக்கு எதற்குக் கண்ணு இதெல்லாம்? நானா பாரம் தூக்குகிறேன்?" என்றார். தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டுதான் கேட்டார்.

இரவுக்கு 250 கிராம் பருப்பு வேக வைத்தேன். அடியிலிருந்து கலக்கி, முதல் கரண்டியை அம்மா தட்டில் ஊற்றினேன்.