அரைக்கட்டை ஏறிய கேசட்

பழைய கேசட்டுகளைக் கணினியில் ஏற்றும் வேலை இந்த மாதம் ஒரு முக்கியமான கட்டத்தைத் தாண்டியிருக்கிறது. இவையெல்லாம் எண்பதுகளில் ராயபுரம் வீட்டில் அண்ணன் வானொலியிலிருந்து பதிந்தவை. ரேடியோவையும் டேப்ரிக்கார்டரையும் இணைக்க வயர் கிடையாது. ரேடியோவுக்கு எதிரே ரிக்கார்டரை வைத்து, அதன் மைக் வழியாகவே பதிவார். அதனால் பாட்டோடு வீடும் சேர்ந்து பதிந்திருக்கிறது. பின்பக்கத் தண்டவாளத்தில் போகும் சரக்கு ரயில், குழாயடிச் சத்தம், வாசலில் மீன் விற்க வந்தவரிடம் அம்மா பேரம் பேசுவது எல்லாம் அதில் இருக்கின்றன.

அந்தப் பாட்டுகள் இன்று எங்கும் கிடைக்கும். அம்மாவின் குரல் இந்த நாடாக்களைத் தவிர வேறெங்கும் இல்லை. அதற்காகத்தான் இந்த வேலையில் இறங்கினேன்.

கடற்காற்று இரும்பை விட்டுவைப்பதில்லை. கேசட்டுக்குள் நாடாவை ஹெட்டோடு (நாடாவிலிருந்து ஒலியைப் படிக்கும் பாகம்) அழுத்திப் பிடிக்கும் சிறு கம்பளித் துண்டு பலவற்றில் உதிர்ந்திருந்தது, அதைத் தாங்கும் தகடும் துருப்பிடித்திருந்தது. திருகாணி வைத்த புதிய கூடுகளுக்கு நாடாவை மாற்றினேன். பிளேயருக்கு பெல்ட் ரிச்சி தெருவில் கிடைத்தது. 90 நிமிடக் கேசட்டின் நாடா 60 நிமிடத்தினுடையதைவிட மெல்லியது, இழுத்தால் நீண்டுவிடும். அவற்றை மட்டும் வேகமாக ஓட்டாமல் முழுக்க ஒருமுறை பாடவிட்டே சுற்றினேன்.

அடுத்து ஹெட்டின் கோணம். பதிந்த கருவியின் கோணமும் இப்போது ஓடும் கருவியின் கோணமும் கொஞ்சம் மாறினாலும் பாட்டு போர்வைக்குள்ளிருந்து கேட்பதுபோல் மங்கிவிடும். ஹெட்டின் பக்கத்தில் இருக்கும் சிறு திருகை மெல்லத் திருப்பினால் ‘ச’, ‘ஸ’ ஒலிகள் கூர்மையாகும் இடம் ஒன்று வரும். அங்கே நிறுத்திவிட வேண்டும். ஒவ்வொரு கேசட்டுக்கும் இதைத் திரும்பச் செய்வது அலுப்பான வேலைதான். ஆனால் பி.பி. ஸ்ரீநிவாஸ் குரலைப் போன்ற மென்மையான குரலுக்கு இதைச் செய்யாவிட்டால் பாதிக் குரல் போய்விடும்.

இவ்வளவுக்குப் பிறகும் ஏதோ சரியில்லை. இலங்கை வானொலி அறிவிப்பாளர் பி.எச். அப்துல் ஹமீது பேசினால் இளம்பையன் பேசுவதுபோல் இருந்தது. அம்மா குரலும் மெலிந்து, அவசரமாக ஒலித்தது. நாடா நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓட வேண்டும். நிறுவனம் வெளியிட்ட கேசட் ஒன்றை ஓட்டிப் பார்த்தேன், சரியாகப் பாடியது. அப்படியானால் பிளேயரில் கோளாறு இல்லை. அன்று எங்கள் டேப்ரிக்கார்டர் மெதுவாக ஓடியிருக்கிறது. மெதுவாகப் பதிந்ததைச் சரியான வேகத்தில் ஓட்டினால் குரல் மேலே ஏறத்தானே செய்யும்?

எவ்வளவு ஏறியிருக்கிறது என்று கண்டுபிடிக்க முதலில் மின்சார இரைச்சலைப் பிடித்தேன். கரண்டில் ஓடிய ரேடியோவின் ‘ம்ம்ம்’ என்ற ஒலி பாட்டுக்கு அடியில் பதிந்திருக்கும். நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 அதிர்வு. இன்றைய இரைச்சல் கலந்துவிடாமலிருக்க பிளேயரையும் மடிக்கணினியையும் பேட்டரியில் ஓட்டி, ஆடசிட்டி மென்பொருளில் அலசினேன். 51.5 காட்டியது. அதாவது 3 சதவீதம் வேகம்.

அந்த அளவுக்குக் குறைத்தும் மனம் ஒப்பவில்லை. ‘நினைப்பதெல்லாம் நடந்துவிட்டால்’ பாட்டை வெளியான இசைத்தட்டுப் பதிவோடு வைத்து, சுருதிப்பெட்டியில் ஒத்துப் பார்த்தேன். மாற்றாத நாடா கிட்டத்தட்ட அரைக்கட்டை மேலே நின்றது. கட்டை என்பது சுருதியின் அளவு. அரைக்கட்டை என்றால் ஏறத்தாழ 6 சதவீதம். ‘மயக்கமா கலக்கமா’வும் அதே அளவு மேலே. இரண்டும் 1962-இல் விசுவநாதன் – ராமமூர்த்தி இசையில் வந்தவை, படங்கள்தான் வேறு. வானொலி நிலையத்தில் ஒரு தட்டு சற்று வேகமாகச் சுழன்றிருக்கலாம். எல்லாப் பாட்டும் ஒரே அளவு விலகினால் காரணம் நாடாவேதான்.

அப்படியென்றால் இரைச்சல் ஏன் பாதிதான் சொன்னது? விடை அந்தக் கால மின்சாரத்தில் இருக்கிறது. பற்றாக்குறை மிகுந்த அந்த ஆண்டுகளில் தென்னக மின்தொகுப்பின் அதிர்வெண் அடிக்கடி 50-க்குக் கீழே இறங்கிவிடும். 51.5-ஐ 1.06-ஆல் வகுத்தால் 48.6 வருகிறது. ராயபுரத்தில் பல்பு மங்கலாக எரிந்த மாலைகளை நினைத்துக்கொண்டேன். கணக்கு பொருந்தியதும் எழுந்து நின்றுவிட்டேன்.

பாட்டு சரியான கட்டைக்கு வரும்படி மொத்த நாடாவின் வேகத்தையும் குறைத்தேன். அதன் பின்னே அம்மாவின் குரலும் இறங்கி வந்தது. வஞ்சிரம் வேண்டாம், சங்கரா போதும் என்கிறாள். அவசரமே இல்லை, எப்போதும்போல நிதானமாகத்தான் பேரம் பேசியிருக்கிறாள். எண்ணூரிலிருந்து வந்த அண்ணனுக்கு, எது எது என்று சொல்லாமல் இரண்டு வடிவங்களையும் போட்டுக் காட்டினேன். இரண்டாவது தொடங்கியதுமே, “இதுதான் அம்மா” என்றார்.

இரைச்சலை நீக்கும் வசதி மென்பொருளில் இருக்கிறது, அதைத் தொடவில்லை. அது முதலில் தின்பது தூரத்துக் குரல்களைத்தான். இரவானால் இலங்கை அலை மங்கி மங்கித் திரும்பி வரும். அந்த ஏற்ற இறக்கத்தையும் அப்படியே விட்டிருக்கிறேன். ஒரு சரணம் முழுக்கத் தேய்ந்துபோய்ப் பல்லவியில் மீண்டும் பொங்கி வருவதைக் கேட்டுத்தான் அந்தப் பாட்டுகளை நாங்கள் கற்றோம்.

அடுத்து கையில் எடுத்திருப்பது அத்தை கல்யாணக் கேசட். பேட்டரியில் பதிந்ததால் மின் இரைச்சல் இல்லை. சினிமாப் பாட்டும் இல்லை, நாகஸ்வரம் மட்டும் கேட்கிறது. நாயனத்தின் கட்டை தெரிந்தால் வேகத்தைக் கணக்கிட்டுவிடலாம். திருவொற்றியூரில் வாசிக்கும் ஒருவரிடம் கேட்டிருக்கிறேன். அந்நாளில் இந்தப் பக்கத்துக் கல்யாணங்களுக்கு எந்தக் கட்டை நாயனம் வரும் என்று தன் அப்பாவிடம் விசாரித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.