பத்துக்குப் பத்து சதுரம், பரப்பளவு 81

ஒரு கைப்பிடி அரிசியைக் கறுப்புத் துணியில் தூவி ஃபோனில் படம் எடுத்து, முழு அரிசி எது நொய் எது என்று ஓபன்சிவியை (படங்களை அலசும் நிரல் தொகுப்பு) வைத்துப் பிரிக்கலாமே என்று போன ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தேன். முறத்தில் கொழித்தால் ரெண்டு நிமிஷ வேலை என்றார் அம்மா. காதில் வாங்கவில்லை.

நீளமாக இருந்தால் முழு அரிசி, குட்டையாக இருந்தால் நொய், ஆக நீள அகல விகிதமான ஆஸ்பெக்ட் ரேஷியோ போதும், உருவத்தைச் சுற்றிப் பெட்டி போடும் பவுண்டிங்ரெக்ட் தருகிற அகலத்தை உயரத்தால் வகுத்தால் முடிந்தது என்றுதான் நினைத்தேன். ஓட்டிப் பார்த்தால் நல்ல முழு அரிசியெல்லாம் நொய்க் கணக்கில் கிடக்கிறது. எல்லாம் சாய்வாக விழுந்தவை! அந்தப் பெட்டி எப்போதும் நேராகத்தான் நிற்கும், 45 டிகிரி சாய்ந்த அரிசியைச் சுற்றி அது போடுவது ஏறக்குறைய சதுரம். அரிசியோடு சேர்ந்து திரும்புகிற பெட்டிக்கு மின்ஏரியாரெக்ட். அதிலும் எது அகலம் எது உயரம் என்று நம்பாமல், பெரியதைச் சின்னதால் வகுத்துவிடுங்கள்.

அப்புறமும் குட்டி நொய்களின் பரப்பளவு இடித்தது. சந்தேகம் வந்து கறுப்புப் படத்தில் 10க்கு 10 பிக்சல் வெள்ளைச் சதுரம் ஒன்றை நானே வரைந்து, எல்லைக்கோட்டுக்குள் இருக்கும் பரப்பளவைச் சொல்லும் கான்டூர்ஏரியாவிடம் கொடுத்தேன். 81 என்றது. எல்லைக்கோடு ஓரத்துப் பிக்சல்களின் நடுப்புள்ளி வழியாகப் போகிறது, முதல் பிக்சலின் நடுவிலிருந்து பத்தாவதின் நடுவரை 9தானே. பவுண்டிங்ரெக்ட் மட்டும் பிக்சலை எண்ணி 10 என்கிறது, அதனால் அப்பழுக்கில்லாத சதுரத்துக்கே எக்ஸ்டென்ட், அதாவது உருவத்தின் பரப்பளவை பெட்டியின் பரப்பளவால் வகுத்தது, 0.81. பக்கம் 500 பிக்சல் என்றால் 0.996, கவலையில்லை, எட்டு பிக்சல் அகல அரிசிக்கு நன்றாகவே உதைக்கும். கான்டூரை, அதாவது அந்த எல்லைக்கோட்டை, உள்ளே நிரப்பி வரைந்து வெள்ளைப் பிக்சல்களைக் கவுன்ட்நான்ஜீரோவால் எண்ணினேன், 100 வந்தது. வட்டத்துக்கும் இதே பாடுதான்: உருவம் எவ்வளவு வட்டம் என்று பார்க்க 4π பெருக்கல் பரப்பளவு, வகுத்தல் சுற்றளவின் வர்க்கம் என்று போட்டால் 1 வராது, ஓரம் படிக்கட்டாக இருப்பதால் சுற்றளவு கூடி 0.9 பக்கமே நின்றுவிடும்.

மிச்சம், ஒட்டிக்கொண்ட அரிசிகள். குறுக்கே படுத்திருந்தால் சாலிடிட்டி காட்டிக்கொடுக்கிறது (உருவத்தின் பரப்பளவை கான்வெக்ஸ் ஹல்லின் பரப்பளவால் வகுத்தது), உருவத்தைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டதுபோல் இழுத்த கோடான கான்வெக்ஸ் ஹல்லுக்கும் உருவத்துக்கும் நடுவே காலியிடம் விழுந்துவிடும். தோளோடு தோள் சேர்ந்து படுத்த ஜோடிகள்தான் அதற்கும் சிக்காமல் ஒரே தடித்த அரிசியாகப் போகின்றன. பரப்பளவு இரட்டிப்பாக இருப்பவற்றைத் தனியே காட்டச் சொல்லி, இப்போதைக்கு விரலால் தள்ளிவிட்டு மறுபடி படம் எடுக்கிறேன்.